வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தை ஒரு குமாஸ்தா படிக்கும் விதம்

வக்கீல் குமாஸ்தாவாகவே என் காலம் போனது. மனு, எதிர்மனு, பிரமாணப் பத்திரம் என்று காகிதங்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தவன். அதனால் தேர்தல் வந்தால் மேடைப் பேச்சைக் கேட்பதில்லை. வழக்கு, சொத்து, படிப்பு விவரங்களைச் சொல்லி வேட்பாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரமாணப் பத்திரமான படிவம் 26-ஐத்தான் தேடுவேன். மேடையில் தன்னைப் பற்றி விட்ட கதைக்கு யாரும் கேஸ் போடுவதில்லை. இந்தப் பத்திரத்தில் தெரிந்தே பொய் சொன்னால், அல்லது மறைத்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு.

உச்ச நீதிமன்றம் 2002-லும் 2003-லும் கொடுத்த தீர்ப்புகளால்தான் இந்த விவரங்கள் நம் கைக்கு வந்தன. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தொகுதியைத் தேர்ந்தெடுத்தால் பத்திரத்தை இறக்கிக்கொள்ளலாம். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் முடியட்டும். அதற்கு முன்னால் மாற்று வேட்பாளர்களும் பட்டியலில் இருப்பார்கள், வீண் வேலை.

முதலில் வழக்குகள். எத்தனை என்று எண்ணாதீர்கள், என்ன பிரிவு என்று பாருங்கள். 143, 341, 188 என்று பழைய இந்திய தண்டனைச் சட்ட (ஐபிசி) எண்கள் வரிசையாக இருந்தால், சட்டவிரோதமாகக் கூடியது, வழியை மறித்தது, அதிகாரியின் உத்தரவை மீறியது என்று அர்த்தம். தண்ணீர் வரவில்லை என்று காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தவர் மேலும் இதைத்தான் போடுவார்கள். இப்படிப் பத்து வழக்கு இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. மனிதர் தெருவில் இறங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் 420 (மோசடி), 409 (பொறுப்பில் இருந்தவர் ஒப்படைத்த பணத்தைக் கையாடியது), 354 (பெண்ணிடம் அத்துமீறியது), 302 (கொலை) இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அங்கேயே நின்று படிப்பேன். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா எண்கள் வரும்: மோசடிக்கு 318, கொலைக்கு 103. ஊழல் தடுப்புச் சட்டம் என்று இருந்தால் பிரிவு எண்ணே வேண்டாம், சட்டத்தின் பெயரே போதும்.

அடுத்தது, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. வெறும் எஃப்ஐஆர் என்றால் எதிராளி கொடுத்த புகாராகவும் இருக்கலாம். 'குற்றச்சாட்டு வனையப்பட்டது' என்றிருந்தால், ஆவணங்களைப் பார்த்த நீதிபதி, விசாரணைக்குரிய முகாந்திரம் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். பத்திரத்தில் வழக்கு எண்ணும் நீதிமன்றமும் இருக்கும். அதை நீதிமன்றங்களின் வழக்கு விவரம் இருக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் ஒவ்வொரு வாய்தாவும் வரும். நான் விரும்பிப் பார்ப்பது இதைத்தான். பொய்க் கேஸ் என்று மேடையில் முழங்குகிறவர், அதைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தாரா, வருடக்கணக்கில் வாய்தா வாங்கினாரா என்பது அந்தத் தேதிகளிலேயே தெரிந்துவிடும்.

வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் எழுத்தில் சொல்ல வேண்டும். ஜெயிக்கக்கூடியவர் என்பது மட்டும் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிப் படியுங்கள். ஒரே கட்சி பல பேருக்கு ஒரே வாசகத்தை எழுதியிருந்தால் உங்களுக்கே புரியும்.

சொத்துப் பகுதிக்கு ஒரு பத்திரம் போதாது, போன தேர்தலில் கொடுத்ததையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மொத்தத் தொகை கூடியதைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். பரம்பரை நிலத்தின் மதிப்பு தானாகவே ஏறும். புதிதாக வாங்கியது எது, எந்தத் தேதியில், என்ன விலைக்கு என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. அந்த விலையை, அதே பத்திரத்தில் உள்ள 5 வருட வருமான வரிக் கணக்கோடும் கடனோடும் பொருத்திப் பாருங்கள். மனைவி பெயரும் சார்ந்திருப்பவர்கள் பெயரும் வரும். சொந்தக்காலில் நிற்கும் மகன், மருமகன் பெயரில் உள்ளவை வராது. அரசு ஒப்பந்தங்களுக்கென்று ஒரு பகுதி உண்டு, பலர் தாண்டிப் போய்விடுவார்கள், தாண்டாதீர்கள்.

படிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அனுபவம் என்று வந்தால், ஏற்கெனவே எம்.பி.யாக இருந்தவரின் வருகையும் கேள்விகளும் விவாதங்களும், எம்.பி.க்களின் நாடாளுமன்றப் பணியைத் தொகுத்து வைக்கும் பிஆர்எஸ் என்ற அமைப்பின் தளத்தில் இருக்கின்றன. அமைச்சராக இருந்தவருக்கு அங்கே கணக்கு இருக்காது. அவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. அதை மட்டம் போட்டதாக நினைத்துத் திட்டிவிடக் கூடாது. எம்.பி.க்கு வருடத்துக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி உண்டு, அதில் எந்த ஊருக்கு எது போனது என்று பார்க்கலாம். ஊராட்சித் தலைவராக இருந்து மேலே வருகிறவர் என்றால் அந்த ஊரில் ஒரே கேள்வி: கிராமசபையில் வரவு செலவைப் படித்தாரா, அல்லது கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டாரா?

குணத்துக்கு எந்தப் படிவமும் கிடையாது. அவருடைய கட்சியோ சாதியோ இல்லாத, சிபாரிசும் இல்லாத யாராவது, முதியோர் உதவித்தொகை மாதிரி ஒரு சின்ன வேலைக்கு அவரிடம் போயிருப்பார்கள். அவர்களைப் பிடித்து, என்ன நடந்தது, யார் வழியாகப் போனீர்கள், கையில் எவ்வளவு கேட்டார்கள் என்று விசாரியுங்கள். டீக்கடை அபிப்பிராயத்தைவிட இது உருப்படியானது.

எல்லாம் பார்த்து முடிவு செய்தபிறகு, பெயரோடு சின்னத்தையும் வரிசை எண்ணையும் மனதில் வையுங்கள். 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். 2015 முதல் இயந்திரத்தில் வேட்பாளரின் படமும் இருக்கிறது, ஆனால் அளவில் சிறியது. வயதானவர்களைக் கூட்டிப் போனால் வீட்டிலேயே சின்னத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள், உள்ளே போனபிறகு செல்போனை எடுத்துக் காட்ட முடியாது.