ரப்பரால் வரையும் கார்: டி.கே.டபிள்யூ எஃப்1 உருவான விதம், படிப்படியாக

டி.கே.டபிள்யூ என்ற நிறுவனத்தின் பழைய ஜெர்மன் டூ-ஸ்ட்ரோக் கார்களைப் பற்றித் தெரிந்துகொள்ள உட்கார்ந்தால் எஃப்1, எஃப்2, எஃப்5, எஃப்8 என்று எழுத்தும் எண்ணுமாக வந்து தலை சுற்ற வைக்கும். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் வந்த எஃப்1 காரை நீங்களே வரைந்து பாருங்கள். வரைவது என்று சொன்னாலும் பாதி நேரம் அழிக்கத்தான் போகிறோம். ஒரு தாள், பென்சில், நல்ல ரப்பர் போதும். கட்டமும் கோடும் போடத் தெரிந்தால் சரி.

படி 1: அந்தக் காலத்துச் சாதாரணக் காரை வரையுங்கள்

மேலிருந்து பார்ப்பதுபோல் வரைய வேண்டும். முன்னால் நீளவாக்கில் நான்கு சிலிண்டர் எஞ்சின், அதன் பின்னால் கிளட்ச், கியர்பாக்ஸ். அங்கிருந்து நடுவே பின்பக்கம்வரை ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். கடைசியில் டிஃபரன்ஷியல், பின்சக்கரங்கள். எஞ்சினைச் சுற்றிச் சின்னக் கட்டங்களாக வால்வுகள், கேம் ஷாஃப்ட், ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், பெட்ரோல் பம்ப், ஸ்டார்ட்டர், டைனமோ. 1930-ல் எல்லாக் காரிலும் இவை அத்தனையும் இருக்கவில்லைதான். ஆனால் நமக்கு அழிக்க ஏதாவது வேண்டுமே! இலேசாக வரையுங்கள்.

படி 2: ஓரத்தில் ஆளையும் நெருக்கடியையும் குறித்துக்கொள்ளுங்கள்

ஆள்: யோர்கன் ஸ்காஃப்டே ராஸ்முசன். டென்மார்க்காரர், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ச்சோபாவ் என்ற ஊரில் தொழிற்சாலை வைத்திருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் நீராவிக் கார் செய்யப் பார்த்தார். நீராவி வண்டிக்கான ஜெர்மன் சொல் ‘டாம்ஃப்கிராஃப்ட்வாகன்’, அதன் சுருக்கம்தான் டி.கே.டபிள்யூ. அந்தக் கார் கைகூடவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அப்புறம் அதே மூன்று எழுத்துக்கு ‘பையனின் ஆசை’ என்று பொருள் சொல்லி ஒரு பொம்மை எஞ்சின் வந்தது. அதை வளர்த்து மோட்டார் சைக்கிளில் பூட்டியபோது ‘சின்ன அதிசயம்’ ஆயிற்று. 1920-களின் முடிவில் உலகிலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்யும் நிறுவனம் டி.கே.டபிள்யூ.

நெருக்கடி: 1928-ல் ராஸ்முசன் ட்ஸ்விக்காவ் நகரின் ஆடி நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கினார். பின்னாலேயே உலகப் பொருளாதார மந்தம். ஆடியின் பெரிய கார்களை வாங்க ஆளில்லை, பட்டறை சும்மா கிடந்தது. 1930 அக்டோபரில் அங்கிருந்த வடிவமைப்பாளர்களிடம் ஒரு சின்னக் கார் கேட்டார்: டி.கே.டபிள்யூவின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், முன்சக்கர இயக்கம், மர பாடி. வால்டர் ஹவுஸ்டைன், ஆஸ்கர் ஆர்ல்ட் இருவரும் சுமார் ஆறு வாரத்தில் ஓடும் வண்டியைக் காட்டினார்கள். 1931 பிப்ரவரியில் பெர்லின் கண்காட்சிக்கு எஃப்1 வந்தது. விலை 1,685 ரைஷ்மார்க்.

ஆறு வாரம் என்பதை அடிக்கோடிடுங்கள். அவ்வளவு அவசரத்தில் எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்க நேரம் ஏது? எதை விடலாம் என்றுதான் யோசிக்க முடியும். இது என் ஊகம். ஆனால் காரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

படி 3: வால்வுகளையும் கேம் ஷாஃப்டையும் அழியுங்கள்

டூ-ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே அவற்றைத் திறந்து மூடும். தனியாக வால்வு வேண்டாம். நான்கு சிலிண்டரில் இரண்டை அழியுங்கள், இரண்டு போதும். டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வேலை செய்கிறது, படி 1-ல் வரைந்த சாதாரண ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். ஆகவே இந்த இரண்டு சிலிண்டர், ஒரு சுற்றில் அந்த நான்கு சிலிண்டர் கொடுக்கும் அதே எண்ணிக்கை உந்துகளைக் கொடுக்கும். மிஞ்சிய அசையும் பாகங்களை எண்ணுங்கள்: 2 பிஸ்டன், 2 கனெக்டிங் ராட், 1 கிராங்க் ஷாஃப்ட். மொத்தம் 5. கொள்ளளவு 584 சிசி, சக்தி 15 குதிரைத்திறன்.

படி 4: ஆயில் பம்பை அழியுங்கள்

எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே போகிறது. 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய், அதாவது 10 லிட்டருக்கு 400 மில்லி. பழைய ஸ்கூட்டருக்கு பெட்ரோல் பங்கில் 2டி ஆயில் ஊற்றச் சொன்னவர்களுக்கு இது புதிதல்ல.

இங்கே ஒரு சிக்கல். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பெட்ரோல் நிற்கும், கூடவே எண்ணெயும் நிற்கும், ஆனால் சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும். காய்ந்த பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் டி.கே.டபிள்யூ கார்களில் ஃப்ரீவீல் வந்தது. காலை எடுத்ததும் சைக்கிள்போல வண்டி தானாக உருளும். கியர்பாக்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு ‘ஃப்ரீவீல்’ என்று எழுதுங்கள்.

படி 5: எஞ்சினைக் குறுக்காகத் திருப்புங்கள்

மொத்தப் பயிற்சியிலும் முக்கியமான இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். இப்போது எஞ்சின் மிகச் சிறிதாகிவிட்டது. அழித்துவிட்டு இரண்டு முன்சக்கரங்களுக்கு இடையில் குறுக்குவாக்கில் வரைந்து பாருங்கள், பொருந்தும். பழைய நான்கு சிலிண்டரை அப்படி வைத்துப் பாருங்கள், கியர்பாக்ஸுக்கு இடமே இருக்காது. டூ-ஸ்ட்ரோக்கும் முன்சக்கர இயக்கமும் தனித்தனி யோசனைகள்போலத் தெரிந்தாலும், இந்தக் காரில் ஒன்று மற்றதற்கு இடம் கொடுக்கிறது.

எஞ்சினிலிருந்து ஒரு செயின், எண்ணெயில் மூழ்கிய கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக முன்னால் வரையுங்கள். கிராங்க் ஷாஃப்டும் சக்கர அச்சும் ஒரே திசையில் கிடப்பதால் சுழற்சியை 90 டிகிரி திருப்பும் கூம்புப் பல்சக்கரங்கள் தேவையில்லை. இப்போது நிம்மதியாக, நீளமாக, அந்தப் புரொப்பெல்லர் ஷாஃப்டை அழியுங்கள். தரை தாழ்ந்தது, நடுவில் மேடு இல்லை, பின்னால் ஆள் உட்கார இடம் கிடைத்தது. பதிலுக்கு முன்சக்கரங்களில் மூட்டுகளை வரைய வேண்டும். திரும்பவும் வேண்டும், திரும்பிக்கொண்டே இழுக்கவும் வேண்டும் என்பதால் இந்தக் காரின் கடினமான வேலை அங்கேதான்.

குறுக்கு எஞ்சின் என்றதும் எல்லோரும் 1959-ல் வந்த பிரிட்டிஷ் மினியைச் சொல்வார்கள். எஃப்1 அதற்கு 28 ஆண்டு மூத்தது.

படி 6: மற்ற பம்புகளும் போகட்டும்

பெட்ரோல் டேங்கை எஞ்சினுக்கு மேலே வையுங்கள், பெட்ரோல் தானாக இறங்கும். சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே வரும் என்பதால் வாட்டர் பம்பும் வேண்டாம். ஸ்டார்ட்டர், டைனமோ இரண்டையும் அழித்து கிராங்க் ஷாஃப்டின் நுனியில் ஒரே கட்டம் போடுங்கள்: டைனாஸ்டார்ட். இரண்டு வேலையையும் அதுவே பார்க்கும்.

படி 7: தனித் தாளில் ஒரு சிலிண்டர்

முதலில் எஃப்1 பிஸ்டன்: தலையில் ஒரு மேடு. பக்கவாட்டில் நுழையும் புதுக் கலவை நேரே எதிரிலுள்ள புகை ஓட்டைக்கு ஓடிவிடாமல் இந்த மேடு அதை மேலே தள்ளும். வேலை நடக்கும், ஆனால் பிஸ்டன் கனமாகும், மேடு சூடேறும், பெட்ரோலும் வீணாகும்.

மேட்டை அழித்துத் தட்டையாக்குங்கள். புகை ஓட்டைக்கு இரு பக்கமும் இரண்டு நுழைவு ஓட்டைகளை, எதிர்ச்சுவரைப் பார்த்துச் சாய்வாக வரையுங்கள். இரண்டு ஓட்டமும் எதிர்ச்சுவரில் மோதி, அதைப் பிடித்து மேலே ஏறி, உச்சியில் திரும்பி இறங்கும்போது புகையை வெளியே தள்ளும். அடால்ஃப் ஷ்னூர்லே 1920-களில் டாய்ட்ஸ் நிறுவனத்தில் கண்டுபிடித்த முறை இது. டி.கே.டபிள்யூ உரிமம் வாங்கி 1933-ல் எஃப்2 காருக்குக் கொண்டுவந்தது: 684 சிசி, 20 குதிரைத்திறன். உலகம் முழுதும் ஓடிய டூ-ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலானவை பின்னால் இந்த வழியில்தான் மூச்சுவிட்டன.

படி 8: பாடி

ஒட்டுப்பலகை, மேலே ரெக்சின்போன்ற செயற்கைத் தோல். அவ்வளவுதான். சேஸிஸ் மட்டும் எஃகு.

படி 9: தாளை இரண்டாக மடியுங்கள்

1942 வரை இந்தக் குடும்பத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வந்தன. போருக்குப் பின் ட்ஸ்விக்காவ் சோவியத் பகுதியில் மாட்டிக்கொண்டது.

கிழக்குப் பாதியில் இன்னும் அழியுங்கள். 1957-ல் அதே ட்ஸ்விக்காவில் வந்த கிழக்கு ஜெர்மனிக் காரான டிராபண்டில் தண்ணீரே இல்லை, காற்றால் குளிரும் எஞ்சின். வெளிப்புறத்தில் எஃகுத் தகடும் இல்லை, பஞ்சும் பிசினும் சேர்த்து அழுத்திய டியூரோபிளாஸ்ட். பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் மீட்டரும் இல்லை, பானெட்டைத் திறந்து டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் மட்டும் 1990 வரை அதே இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்.

மேற்குப் பாதியில், அதாவது மேற்கு ஜெர்மனியில் தொடர்ந்த டி.கே.டபிள்யூவுக்கு, பென்சிலை எடுங்கள். 1953-ல் மூன்றாவது சிலிண்டர், எஞ்சின் நீளவாக்கில் திரும்புகிறது, எஃகு பாடி. 1961-ல், நாம் படி 4-ல் அழித்த ஆயில் பம்ப், எண்ணெயைத் தனியாகக் கலக்கும் பம்பாக வேறு உருவில் திரும்பி வருகிறது. 1962-63 கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகிச் சரியாகப் போய்ச் சேரவில்லை, எஞ்சின்கள் பல பழுதாகின. டூ-ஸ்ட்ரோக்கின் பெயரும் கெட்டது. கடைசி டி.கே.டபிள்யூ கார் எஃப்102. அதன் பாடியை அப்படியே வைத்துக்கொண்டு, படி 3-ல் அழித்த வால்வுகளையும் நான்கு சிலிண்டரையும் திரும்ப வரையுங்கள். முன்னால் டி.கே.டபிள்யூ என்ற பெயரை அழித்துவிட்டு ‘ஆடி’ என்று எழுதி, பக்கத்தில் 1965 என்று குறியுங்கள்.