பழைய அம்பாசிடரில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்: ஒயரிங் செய்வது எப்படி?

மண்டபம், கீழக்கரைப் பக்கம் டைனமோ அம்பாசிடர் வைத்திருப்பவர்களிடம் ஒரே புலம்பல்தான்: "ராத்திரி கேட்டில் நின்றால் ஹெட்லைட் மங்குது." எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தராது. அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர் அப்போதும் சார்ஜ் ஏற்றும். மாற்றுவது பெரிய வித்தையில்லை. ஆனால் நம் உப்புக் காற்றில் முதலில் கைவிடுவது எர்த்துதான் (பாடி வழியாகப் பேட்டரிக்குக் கரன்ட் திரும்பும் இணைப்பு). எனவே வேலை நேரத்தில் பாதியை அதற்கே ஒதுக்குங்கள்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். பாடிக்குப் போகும் ஒயர் மைனஸிலிருந்து வருகிறதா? மிகப் பழைய சில வண்டிகளில் பிளஸ்தான் பாடிக்குப் போகும். அப்படியிருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். தலைகீழாக இணைத்தால் ஆல்டர்னேட்டருக்குள் கரன்டை ஒரே திசையில் விடும் டையோடுகள் அந்த நொடியே கருகும். மைனஸ்தான் எர்த் என்றால், அந்த டெர்மினலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பகுதி) உள்ளேயே இருக்கும் 12 வோல்ட் ஆல்டர்னேட்டராக வாங்குங்கள். பிராக்கெட்டில் மாட்டியதும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. உள்வாங்கினால் போதும்.

இனி ஒயரிங். தடித்த பிளஸ் முனையிலிருந்து (பி+) ஸ்டார்ட்டர் சொலினாய்டில் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்) பேட்டரி கேபிள் வரும் போல்ட்டுக்குப் புதிய ஒயர் இழுங்கள். பழைய டைனமோ ஒயரை நம்பாதீர்கள், அது குறைந்த கரன்டுக்குப் போட்டது. 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்றால் 10 சதுர மி.மீ. ஒயரும், சொலினாய்டு பக்கத்தில் 60 ஆம்பியர் ஃபியூஸும் போடுங்கள். படகுகளுக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதா செம்பு ஒயரில் இன்சுலேஷனுக்குள்ளேயே பச்சை பூக்கும்.

சிறிய முனை (டி+ அல்லது ஐஎன்டி) டேஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்குக்குப் போக வேண்டும். பழைய ரெகுலேட்டர் பாக்ஸில் 'டி' முனையில் இரண்டு ஒயர் இருக்கும். தடித்தது டைனமோவிலிருந்து வருவது, மெலிந்தது விளக்குக்குப் போவது. அந்த மெலிந்ததை அதே பாக்ஸின் 'எஃப்' முனையில் இருந்த ஒயரோடு இணைத்துவிட்டு, டைனமோ பக்கம் இருக்கும் 'எஃப்' ஒயரின் மறுமுனையை ஆல்டர்னேட்டரின் சிறிய முனையில் மாட்டுங்கள். பாக்ஸின் 'ஏ', 'ஏ1' முனைகளில் இருந்த ஒயர்களை ஒன்றாகச் சேருங்கள். டைனமோவின் தடித்த ஒயருக்கு இனி வேலையில்லை, இரண்டு முனையிலும் டேப் சுற்றிவிடுங்கள். ஒயர் நிறத்தை மட்டும் நம்பி எதையும் இணைக்காதீர்கள். எத்தனை கைகள் பட்ட வண்டியோ! மல்டிமீட்டரில் பார்த்தே இணையுங்கள்.

அந்தச் சிவப்பு விளக்கு வெறும் அலங்காரம் இல்லை. ஆல்டர்னேட்டரை எழுப்பும் முதல் கரன்ட் அதன் வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜே தொடங்காமல் போகலாம்.

அடுத்தது எர்த். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்குத் தானாகத் தொடர்பு கிடையாது. பிராக்கெட், எஞ்சின் பிளாக், சேசிஸ் ஆகிய மூன்றிலும் பெயின்டையும் துருவையும் வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். ஆல்டர்னேட்டர் பாடியிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தனி ஒயர், எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு ஒரு ஸ்ட்ராப். ஒயர் முனையில் மாட்டும் லக்கை நன்றாக அழுத்தி கிரிம்ப் செய்து, சூடாக்கினால் சுருங்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரியும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால் சரி. ஹெட்லைட்டைப் போட்டு, ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தை மறுபடி சுரண்டத்தான் வேண்டும். புதிய ஒயர் அதன் வழியாகப் போகாததால் பழைய ஆம்மீட்டர் இனி சார்ஜ் ஏறுவதைக் காட்டாது. பயப்படாதீர்கள், பக்கத்தில் ஒரு வோல்ட்மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சோதிக்கும் பழைய பழக்கம் இதில் வேண்டவே வேண்டாம், டையோடு போய்விடும். தனுஷ்கோடி போய்வந்து உப்பும் மணலும் போக வண்டியைக் கழுவும்போது, வேகமான தண்ணீரை ஆல்டர்னேட்டர் மீது நேராக அடிக்க விடாதீர்கள்.