நாட்டு முட்டையா, கடை முட்டையா? வாங்கும்போதும் வைக்கும்போதும் நாம் செய்யும் தவறுகள்

"பிராய்லர் முட்டை வேண்டாம், நாட்டு முட்டை இருந்தா குடுங்க." மளிகைக் கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முதல் தவறு இந்தப் பெயரிலேயே இருக்கிறது. பிராய்லர் என்பது கறிக்காக வளர்க்கும் கோழி. ஆறேழு வாரத்தில் கறிக்கடைக்குப் போய்விடும், முட்டையிடும் வயதை எட்டுவதே இல்லை. கடையில் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பது முட்டைக்காகவே வளர்க்கும் லேயர் கோழியின் முட்டை. நாமக்கல் பண்ணைகளில் இருப்பவை பெரும்பாலும் வெள்ளை லெகார்ன் என்ற இனத்தின் வழிவந்த கோழிகள். ஒரு கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும். எங்கள் கொல்லையில் திரியும் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி 60 இடும், மிஞ்சிப்போனால் 80.

இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் 'ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைக்கிறார்கள்' என்ற பேச்சு வந்தது. அது உண்மையில்லை. பண்ணையில் போடும் ஊசி வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்கான தடுப்பூசி. அதிக முட்டைக்குக் காரணம் வேறு. பல தலைமுறைகளாகப் பொறுக்கி எடுத்த இனம், அளந்து போடும் தீவனம், நாளுக்குச் சுமார் 16 மணி நேர வெளிச்சம். அப்புறம், அந்த இனத்துக்கு அடைகாக்கும் குணமே ஏறக்குறைய போய்விட்டது. நாட்டுக்கோழியோ பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு சில மாதம். அதுவரை முட்டை கிடையாது.

பண்ணை முறையில் எனக்கு உறுத்தலே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிறகை முழுதாக விரிக்கக்கூட இடமில்லாத கூண்டில் ஒரு உயிர் ஓராண்டுக்கு மேல் நிற்கிறது. ஆன்டிபயாடிக் மருந்தைக் கண்டபடி கொடுப்பதும் உண்மையான கவலைதான். கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடை, கோழி வளர்ப்பில் பயன்படுத்த 2019இல் மத்திய அரசு தடை போட்டது. பண்ணை முட்டையைத் தவிர்க்க நினைப்பவர்கள் இந்தக் காரணங்களுக்காகத் தவிர்த்தால் அதில் பொருள் உண்டு.

நிறத்தை நம்புவது

பழுப்பு ஓடு என்றாலே நாட்டு முட்டை என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் ஏராளம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. ரோட் ஐலண்ட் ரெட் போன்ற இனங்கள் கூண்டுக்குள் அதே தீவனத்தைத் தின்றாலும் பழுப்பு முட்டைதான் இடும். உண்மையான நாட்டு முட்டை சிறியது, 40 கிராம் அளவில் இருக்கும். ஒன்று சந்தன நிறம், ஒன்று வெளிர் பழுப்பு, ஒன்று உருண்டை, ஒன்று நீளம் என்று கூடையில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. முப்பது முட்டையும் ஒரே அளவில், ஒரே அடர் பழுப்பில் இருந்தால் விற்பவரிடம் எந்தக் கோழி என்று கேளுங்கள். வெள்ளை முட்டைக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி விற்றுப் பிடிபட்ட செய்திகளும் வந்திருக்கின்றன.

மஞ்சள் கருவின் நிறமும் அப்படித்தான். அது கோழி தின்றதைக் காட்டும், வேறொன்றையும் காட்டாது. எங்கள் கோழிகளே கோடையில் புல் காய்ந்ததும் வெளிறிய கருவோடு இடும். ஐப்பசி மழைக்குப் பிறகு பச்சையைக் கொத்தத் தொடங்கினால் கரு ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விடும். பண்ணையில் தீவனத்தோடு செண்டுமல்லிச் சாறு சேர்த்தால் அங்கேயும் அதே நிறம் வரும்.

சத்து விஷயத்தில்தான் இந்தத் தவறு பிள்ளைகளைப் பாதிக்கிறது. எந்த முட்டையானாலும் 100 கிராமுக்குப் புரதம் ஏறக்குறைய 13 கிராம்தான். வெயிலில் மேய்ந்த கோழியின் முட்டையில் வைட்டமின் டி கூடலாம், பச்சை தின்றதன் பலனும் கொஞ்சம் சேரலாம். ஆனால் நாட்டு முட்டை இரண்டு மூன்று மடங்கு விலை. 'கொடுத்தால் நாட்டு முட்டைதான்' என்று பிடிவாதம் பிடித்து, தினம் ஒரு முட்டை தின்ற பிள்ளைக்கு வாரம் இரண்டாகக் குறைத்த வீடுகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சத்துணவில் பிள்ளைகள் சாப்பிடுவதும் இதே வெள்ளை முட்டைதான்.

'நேற்று இட்டது' என்ற பேச்சு

போன வருடம் வாரச் சந்தையில் 'வீட்டுக் கோழி முட்டை' என்று முப்பது வாங்கி வந்தேன். தண்ணீரில் போட்டால் பாதிக்கு மேல் மிதந்தன. யோசித்தால் ஆச்சரியமில்லை. நாட்டுக்கோழி இடுவதே குறைவு. வீடு வீடாக நாலும் ஐந்துமாகச் சேர்த்து முப்பது தேற நாளாகும். வைக்கோல் போருக்குள் கோழி கள்ளத்தனமாக இட்டு வைத்ததும் அதில் கலந்திருக்கும். அந்தச் சூட்டில் கரு பாதி வளர்ந்து செத்திருந்தால் கூமுட்டைதான். நல்ல விற்றுமுதல் உள்ள கடையின் வெள்ளை முட்டை இதைவிடப் புதிதாக இருப்பதுண்டு.

ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. நாளாக ஆக அதன் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாகும். அதனால்தான் பழைய முட்டை மிதக்கிறது. மிதந்தால் பழையது என்று பொருள், கெட்டதா என்பதை உடைத்து முகர்ந்துதான் சொல்ல முடியும். அதனால் நாட்டு முட்டையை ஒருபோதும் நேராக மாவிலோ கல்லிலோ உடைக்காதீர்கள். தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேருங்கள். அப்படிப் பார்க்கும்போது கருவில் ஒரு ரத்தப் புள்ளி தெரிந்தால் பயப்பட வேண்டாம், முட்டை உருவாகும்போது சிறு நாளம் வெடித்ததன் தடம் அது.

வாங்கி வந்ததும் கழுவி அடுக்குவது இன்னொரு தவறு. ஓட்டின் மேல் கிருமியைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது, கழுவினால் அது போய்விடும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து வைத்து, சமைக்கும் முன் கழுவினால் போதும். ஃபிரிட்ஜில் வைத்ததை வெளியே எடுத்துப் போட்டுத் திரும்ப வைக்காதீர்கள். ஓடு வியர்க்கும், அந்த ஈரத்தோடு கிருமி உள்ளே போகும்.

அவித்த முட்டையில் தோல் உரியாமல் பிய்ந்து வந்தால் அது கெட்ட முட்டை இல்லை, புது முட்டை. ஒரு வாரம் ஆனது தானாக உரியும். கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்தால் அதிக நேரம் வெந்துவிட்டது, அவ்வளவுதான்.

நாட்டு முட்டை வாங்கும் வீட்டில் கோழி எங்கே மேய்கிறது என்றும் பாருங்கள். குப்பைமேட்டிலும் பழைய பேட்டரி உடைக்கும் இடத்திலும் கொத்தித் திரிந்தால் மண்ணில் இருக்கும் ஈயம் முட்டைக்கும் வரும்.

கடைசியாக, வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு நாட்டு முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றி, மேலே நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கம். நாட்டு முட்டையில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்காது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் அளவுக்குச் செரிக்கிறது, பச்சையில் ஏறக்குறைய பாதிதான். எங்கள் வீட்டில் இப்போது அதே முட்டையை, அதே நல்லெண்ணெயில், சின்ன வெங்காயம் போட்டு நன்றாகப் பொரித்துக் கொடுக்கிறோம். பிள்ளையும் மூக்கைப் பிடிக்காமல் சாப்பிடுகிறாள்.