ஹெர்பர்ட் ஆஸ்டினைப் பற்றி பத்து நிமிஷம் செமினார் எடுப்பது எப்படி?

ஆட்டோமொபைல் டிப்ளமோ பசங்களிடம் செமினாருக்கு ஒரு இன்ஜினியரைப் பிடி என்றால் நேராக ஹென்றி ஃபோர்டிடம் போய் நிற்கிறார்கள். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இருந்துகொண்டு, இங்கிலாந்தில் ஆஸ்டின் கார் கம்பெனியைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஆஸ்டினை விடலாமா? 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அதாவது இன்றைய அசோக் லேலண்ட், எண்ணூரில் முதலில் அசெம்பிள் செய்தது ஆஸ்டின் ஏ40 கார்களைத்தான், லாரியும் பஸ்சும் அப்புறம் வந்தவை. அங்கிருந்தே ஆரம்பியுங்கள். "1866-ல் பிறந்தார்" என்று எடுத்தால் கடைசி பெஞ்ச் செல்போனுக்குப் போய்விடும். ஆனால் ஏ40 அவர் வரைந்த கார் இல்லை, அவர் 1941-லேயே இறந்துவிட்டார். இதைக் குழப்பினால் சார் பிடித்துக்கொள்வார்.

அடுத்து செம்மறி ஆட்டுக்கு வாருங்கள். சின்ன வயதில் ஆஸ்திரேலியா போய் மெல்போர்னில் தொழில் கற்றவர், உல்ஸ்லி கம்பெனியின் ஆட்டு ரோமம் வெட்டும் மெஷினில் வேலை பார்த்து, 1893-ல் அதே கம்பெனிக்காக பர்மிங்ஹாம் திரும்பினார். ரோமம் வெட்டுவது சீசன் வியாபாரம், மற்ற மாதங்களில் பட்டறை சும்மா கிடக்கும், அதற்கு வேறு சரக்கு தேடும்போதுதான் கார் வந்தது. அவருடைய முதல் வண்டிக்கு மூன்றே சக்கரம்.

உல்ஸ்லியோடு வந்த 1905 சண்டையை இரண்டு வரியில் முடியுங்கள். சிலிண்டர் படுத்துத்தான் இருக்கணும் என்று பிடிவாதம் பிடித்து உல்ஸ்லியை விட்டு வெளியே வந்தார், பர்மிங்ஹாம் பக்கம் லாங்பிரிட்ஜில் ஒரு பழைய அச்சகத்தில் சொந்தக் கம்பெனி போட்டார், அங்கே செய்ததோ நிமிர்ந்த சிலிண்டர் இன்ஜின். பசங்க சிரிக்கட்டும், அவசரப்படாதீர்கள்.

பாதி நேரத்தை ஆஸ்டின் செவன் என்ற அவருடைய சின்ன காருக்கு வையுங்கள். 1921-ல் கம்பெனி கடனில் மூழ்கிக் கிடந்தது, சின்ன கார் வேண்டாம் என்று இயக்குநர்கள் மறுக்க, ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது டிராஃப்ட்ஸ்மேனை வீட்டுக்குக் கூட்டிவந்து வரைய வைத்தார். (உங்கள் வகுப்புப் பையன்கள் வயசுதான், இதை அழுத்திச் சொல்லுங்கள்.) 1922-ல் கார் வந்தது.

இங்கே ஸ்லைடை நிறுத்திவிட்டு சாக்பீஸை எடுங்கள். தரையில் 75 அங்குல நீளம், 40 அங்குல அகலத்தில் ஒரு கட்டம் போட்டு, நான்கு மூலையிலும் சக்கரம் வரையுங்கள். சக்கரத்துக்குச் சக்கரம் அவ்வளவுதான் அந்த கார். நாலு பேரை உள்ளே உட்காரச் சொல்லுங்கள், முட்டி இடிக்கும், யாரும் தூங்க மாட்டார்கள். பிரேக் நான்கு சக்கரத்துக்கும் உண்டு, ஆனால் ஆரம்ப வண்டிகளில் கால் பிரேக் பின் சக்கரங்களுக்கு, கை பிரேக் முன் சக்கரங்களுக்கு. இதைக் கேட்டதும் மெக்கானிக் வீட்டுப் பையன் எவனாவது கட்டாயம் வாயைத் திறப்பான்.

கேள்வி வரப்போவது இன்ஜினில். 747 சிசி, நாலு சிலிண்டர், ஆனால் கிராங்க் ஷாஃப்டைத் (பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) தாங்க முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டே மெயின் பேரிங். நடுவில் ஏன் இல்லை என்று சார் கேட்டால், செலவும் இன்ஜின் நீளமும் குறையும், பதிலுக்கு வேகம் ஏறும்போது ஷாஃப்ட் நடுவில் வளைந்துகொடுக்கும் என்று சொல்லிவிட்டு, ஒரு கம்பியை இரண்டு முனையில் பிடித்து நடுவில் அழுத்திக் காட்டுங்கள்.