தீவில் ஸ்கூட்டர் எடுத்துச் சுற்ற: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

தீவுக்குப் போய் வாடகை ஸ்கூட்டரில் சுற்றுவது செலவு குறைந்த விடுமுறைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நிறையப் பேர் ஒரு நாள் வாடகையில் எவ்வளவு குறைக்கலாம் என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதில் மிச்சமாவது சில்லறைதான். பணம் மொத்தமாகப் போவது கீறலுக்கும் அபராதத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும். மொத்தமாக மிஞ்சுவது தங்கும் இடத்தில்.

முதலில் மாதம். டிக்கெட் மலிவு என்று வாங்கிவிட்டு அடைமழையில் போய் இறங்கினால் வண்டி கூரைக்கு அடியிலேயே நிற்கும். மழைக்காலம் ஒரே நாட்டுக்குள்ளும் மாறும்: தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழை, கிழக்கே கோ சாமுயியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டும். பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். சீசன் உச்சத்துக்குச் சற்று முன்போ பின்போ போனால் அறை வாடகையும் இறங்கியிருக்கும், சாலையிலும் கூட்டம் குறைவு.

அடுத்தது லைசன்ஸ், இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். வெளிநாடு என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்புவதற்கு முன்பே சொந்த நாட்டில் வாங்கிவிட வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு: நாடுகள் சேர்ந்து போட்ட சாலைப் போக்குவரத்து ஒப்பந்தங்களில் 1949 ஒப்பந்தத்தின்படி தருவது ஒன்று, 1968 ஒப்பந்தத்தின்படி தருவது இன்னொன்று. போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையில் வந்ததும் திறந்து, இருசக்கர வாகனத்துக்கான 'ஏ' பிரிவில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கார் பிரிவில் மட்டும் முத்திரை இருந்தால் அந்தப் புத்தகம் ஸ்கூட்டருக்கு உதவாது. கடைக்காரர் லைசன்ஸ் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவார், ஆனால் விழுந்து கை உடைந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். பாலிசியில் எத்தனை சிசி வரை செல்லும், ஹெல்மெட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள். பல பாலிசிகளில் 125 சிசிதான் எல்லை.

வண்டி ஓட்டப் போகிறோம் என்பதாலேயே கடற்கரையை ஒட்டி அறை எடுக்கத் தேவையில்லை. நாலைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளிப் பார்த்தால் வாடகை நன்றாகவே குறையும், ராத்திரி தூக்கமும் கெடாது. தினமும் அறை மாற்றாமல் ஒரே இடத்தில் வாரக் கணக்கில் பேசுங்கள், வண்டியையும் அப்படியே வாரக் கணக்கில் எடுங்கள். பெரிய தீவாக இருந்தால் இரண்டு இடங்கள், அதற்கு மேல் வேண்டாம். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போவது கேட்க நன்றாக இருக்கும், ஓட்டும்போது முதுகுதான் பதில் சொல்லும்.

ஒருவருக்கு 110 சிசி தாராளம். இரண்டு பேர், மேட்டுச் சாலை என்றால் 125 எடுங்கள். டெபாசிட்டாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நகல் தருகிறேன், பணமாக டெபாசிட் தருகிறேன் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த கடை. வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்லிச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். முன் பிளாஸ்டிக்கின் ஓரங்கள், கண்ணாடிகளின் பின்பக்கம், சைலன்சர் மூடி, கால் வைக்கும் பலகையின் அடிப்பாகம் எல்லாம் பதிய வேண்டும், ஏனென்றால் பழைய கீறல்கள் ஒளிந்திருப்பது அங்கேதான். பெட்ரோல் முள்ளையும் சேர்த்து எடுங்கள். அப்புறம் டயரில் பட்டன் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடித்தால் பின்விளக்கு எரிகிறதா, ஹெல்மெட் வார் ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பிரேக் தொய்வாக இருந்தால் வேறு வண்டி கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

தினசரித் திட்டத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துப் போடுங்கள். வரைபடம் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம், வளைவும் மேடும் நாயும் அதற்குத் தெரியாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் விழுந்தால் அரை மணிக்குள் இருட்டிவிடும், அதனால் 5 மணிக்கே திரும்பத் தொடங்குங்கள். மழையின் முதல் சில நிமிடங்களில் தூசியும் எண்ணெயும் கலந்து சாலை வழுக்கும், ஒதுங்கி நில்லுங்கள். கடற்கரைத் திருப்பங்களில் மணல் கிடக்கும், அங்கே வண்டியைச் சாய்த்துக்கொண்டே பிரேக் பிடிக்காதீர்கள், நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியே வைக்காமல் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள்; கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சைலன்சர் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும், எனவே எப்போதும் இடப்பக்கமாக இறங்குங்கள். அப்படியும் கெண்டைக்கால் சுட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், வேறெதையும் தடவ வேண்டாம்.

வண்டியைத் திருப்பித் தருவதைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள். காலைப் படகு என்றால் முந்தின நாள் மாலை வெளிச்சத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை எனக்குப் படகுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது, சைலன்சர் மூடியில் இருந்த கீறலைக் காட்டி டெபாசிட்டில் பாதியைப் பிடிப்போம் என்றார்கள். முதல் நாள் எடுத்த வீடியோவில் அதே கீறல் இருந்தது, போனை நீட்டினேன், முழுப் பணமும் வந்தது. அந்த வீடியோ இல்லையென்றால் படகா பணமா என்று யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.