ஊர்லேர்ந்து அம்மா அப்பா சிட்னி வராங்களா? கடலோரம் கூட்டிட்டுப் போறதுக்கு சில யோசனைகள்

சிட்னில இருக்கற நம்மாளுங்க வீட்டுக்கு அம்மா அப்பாவோ மாமனார் மாமியாரோ வரப்போறாங்கன்னா உடனே ஒரு எக்ஸெல் ஷீட் ரெடியாயிடும், ஓபரா ஹவுஸ், ப்ளூ மவுண்டன்ஸ், கான்பெரா, மெல்பர்ன், கோல்ட் கோஸ்ட்னு வாரம் வாரம் ஒண்ணு. அதை அப்படியே மூடி வச்சுடுங்க. அறுபது, அறுபத்தஞ்சு தாண்டினவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும், உக்கார பெஞ்ச், பக்கத்துல டாய்லெட், கையில நம்ம சாப்பாடு, இந்த மூணும் எங்க இருக்கோ அங்க அவங்க சந்தோஷமா இருப்பாங்க. அந்த மாதிரி இடங்கள் சிட்னிக்கு தெற்க கடலோரமா வரிசையா இருக்கு, அதைப் பத்திதான் முக்கியமா சொல்லப்போறேன், அதுக்கு முன்னாடி வீட்டு சமாச்சாரம் கொஞ்சம்.

எப்ப வரச்சொல்றதுன்னு நம்ம கையில இருந்தா மார்ச் ஏப்ரல், இல்லன்னா அக்டோபர் நவம்பர். டிசம்பர் ஜனவரில ஸ்கூல் லீவுன்னு பேரப்பசங்களோட இருக்கலாம், ஆனா கடற்கரை ஊர் எல்லாம் பார்க்கிங் கிடைக்காம திணறும், டிக்கெட்டும் விலை. ஜூன் ஜூலைல வந்தா திமிங்கலம் பாக்கலாம், ஆனா இங்க வீடுங்க குளிரைத் தாங்கற மாதிரி கட்டினது இல்ல, ராத்திரி வெளிய 7, 8 டிகிரி போனா ஹால் ஐஸ் மாதிரி ஆயிடும், சென்னைலயோ மதுரைலயோ வாழ்ந்தவங்களுக்கு அது ரொம்ப கஷ்டம். அப்படி வராங்கன்னா அவங்க ரூமுக்கு ஒரு ஆயில் ஹீட்டர், பாத்ரூம் போக வர தடிமனான சாக்ஸ், ஒரு நல்ல ஜாக்கெட் முதல் நாளே ரெடியா இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்துல தயவுசெஞ்சு காசு பாக்காதீங்க. இந்தியாவுக்கும் சரி இலங்கைக்கும் சரி ஆஸ்திரேலியாவோட மெடிகேர் (இங்க அரசாங்கம் நடத்தற மருத்துவத் திட்டம்) ஒப்பந்தம் கிடையாது, அதனால ஒரு நாள் ஆஸ்பத்திரில படுத்தாலும் முழு பில்லும் நம்ம தலைலதான், ஆம்புலன்ஸுக்கும் தனியா பணம் கட்டணும். பாலிசி எடுக்கும்போது சுகர், பிரஷர், ஏற்கனவே ஸ்டென்ட் வச்சது இதெல்லாம் கவர் ஆகுமா, எத்தனை மாசம் வெயிட்டிங் பீரியட்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க. மாத்திரை மூணு மாசத்துக்கு மேல கொண்டு வரக்கூடாது, டாக்டர் சீட்டு இங்கிலீஷ்ல இருக்கணும், மாத்திரை அதோட ஒரிஜினல் அட்டையிலயே இருக்கட்டும், டப்பால கொட்டி எடுத்துட்டு வரவேணாம்னு சொல்லிடுங்க.

அடுத்து ஏர்போர்ட். அம்மா எப்படியும் ஊறுகா, பொடி, முறுக்கு, கறிவேப்பிலைன்னு அடுக்கத்தான் செய்வாங்க. ஃப்ளைட்ல குடுக்கற கார்டுல சாப்பாட்டுப் பொருள் இருக்கான்னு கேக்கற இடத்துல 'எஸ்' போடச்சொல்லுங்க, சந்தேகமா இருந்தாலும் 'எஸ்'தான். சொல்லிட்டா அதிகபட்சம் எடுத்து குப்பைல போடுவாங்க, அவ்வளவுதான், மறைச்சு மாட்டினா ஆயிரக்கணக்குல டாலர் ஃபைன் வரலாம், விசாவையே கேன்சல் பண்ணவும் அதிகாரம் இருக்கு. பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய், முளைக்கற விதை, பால் சேத்த இனிப்பு இதெல்லாம் ஊர்லயே விட்டுடலாம், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் நம்ம கடைங்கள்ல கிடைக்காதது இல்ல. இங்கிலீஷ் அவ்வளவா வராதுன்னா டிக்கெட் போடும்போதே வீல்சேர் உதவி கேட்டு வைங்க, நடக்க முடிஞ்சாலும் பரவால்ல, சிங்கப்பூர்லயோ கோலாலம்பூர்லயோ மாறும்போது கேட் தேடி அலையவேணாம், கூடவே ஒருத்தர் வந்து கொண்டு போய் விட்டுடுவாங்க.

வந்த முதல் வாரம் எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க. நமக்கும் ஊருக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம், அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் அஞ்சரை. நமக்கு காலைல ஆறு மணின்னா அவங்க உடம்புக்கு ராத்திரி ஒரு மணி, அந்த நேரத்துல எழுப்பி கார்ல ஏத்தினா யாருக்கும் நல்லா இருக்காது.

வீட்டுல ரெண்டு விஷயம் மட்டும் முதல் நாளே காட்டிடுங்க. ஒண்ணு ஸ்மோக் அலாரம். கடுகு தாளிச்சாலோ வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலோ கத்த ஆரம்பிச்சுடும், பெரியவங்க பயந்து போய் வாசக்கதவைத் திறந்து விடுவாங்க. தனி வீடுன்னா பிரச்சனை இல்ல, அபார்ட்மென்ட்ல அந்தப் புகை காரிடாருக்குப் போனா மொத்த பில்டிங் அலாரமும் அடிச்சு ஃபயர் பிரிகேட் வண்டி வந்துடும், அப்புறம் அதுக்கு பில்லும் வரும். அதனால புகைன்னா ஜன்னல், பால்கனி கதவு, எக்ஸாஸ்ட் ஃபேன், வாசக்கதவு மட்டும் வேணாம், இதைத் திரும்பத் திரும்ப சொல்லுங்க.

இன்னொண்ணு சீட் பெல்ட். புடவைத் தலைப்பு கசங்குது, கழுத்துல உரசுதுன்னு அம்மாங்க பெல்ட்டை கக்கத்துக்குக் கீழ விட்டுப்பாங்க. 2024 ஜூலைலேர்ந்து நியூ சவுத் வேல்ஸ்ல கேமராவே சீட் பெல்ட்டையும் பாக்குது, தோள் மேல போகலன்னா அது தப்பாப் போட்ட பெல்ட்தான், ஓட்டறவங்களுக்கு ஃபைனும், லைசென்ஸ்ல ஏறற டீமெரிட் பாயின்ட்டும் (தப்புப் புள்ளி). அதை விட, ஒரு பிரேக் அடிச்சா விலா எலும்பு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு சின்ன துண்டை மடிச்சு கழுத்துப் பக்கம் பெல்ட்டுக்குக் கீழ வச்சுக்கச் சொன்னா உரசல் இருக்காது. அப்புறம் நீங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு, பெரியவங்க ரெண்டுன்னா அஞ்சு சீட் கார் பத்தாது, ரெண்டு காரா போனா பாதி பேச்சு போயிடும், அந்த வீக்கெண்டுக்கு ஒரு கியா கார்னிவல் மாதிரி எட்டு சீட் வண்டி வாடகைக்கு எடுத்துடுங்க. படி உசரம் கம்மி, கதவு ஸ்லைடிங், முட்டி வலி இருக்கறவங்களுக்கு ஏறி எறங்க சுலபம்.

இப்ப ட்ரிப்புக்கு வரேன். முதல் ட்ரிப் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயில்தான், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. சிட்னி சிட்டிலேர்ந்து தெற்க ஒரு 45 கிலோமீட்டர், ராயல் நேஷனல் பார்க் ஓரமா, 1985ல கும்பாபிஷேகம் ஆன கோயில். பெரியவங்களுக்கு இந்த ஊர் மேல ஒரு நம்பிக்கை வர்றது அந்த கோபுரத்தைப் பாத்த அப்புறம்தான், முகமே மாறிடும். காலைல ஒன்பதரை, பத்துக்குப் போய் தரிசனம் முடிச்சு வீக்கெண்டா இருந்தா கேன்டீன்ல சாப்பிட்டுட்டு கிளம்பலாம், வார நாள்ல மத்தியானம் நடை சாத்துவாங்க, நேரத்தை வெப்சைட்ல பாத்துட்டுப் போங்க.

அங்கேர்ந்து பால்ட் ஹில்ங்கற மலை கொஞ்ச தூரம்தான். கார் நிறுத்தற இடத்துலேர்ந்து நாலு எட்டு வச்சா கீழ ஸ்டான்வெல் பார்க் கடற்கரை, தெற்க மலை மேல மலையா கடலுக்குள்ள எறங்கற மாதிரி மொத்தமும் தெரியும், காத்து சரியா இருந்தா ஹேங் க்ளைடர்ல ஆளுங்க பக்கத்துலேர்ந்தே பறந்து போவாங்க. அப்பாக்களுக்கு ஒரு கதை சொல்லுங்க, 1894ல லாரன்ஸ் ஹார்க்ரேவ்ங்கறவர் கீழ தெரியற அந்த பீச்லதான் பெட்டி மாதிரி செஞ்ச பட்டம் நாலை சேத்துக் கட்டி தன்னையே தரையிலேர்ந்து கிட்டத்தட்ட அஞ்சு மீட்டர் தூக்க வச்சாரு, ரைட் பிரதர்ஸுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி. பழைய 20 டாலர் நோட்டுல அவர் படம் இருந்துச்சு. பேங்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரா இருந்தா நோட்டு விஷயத்தை கெட்டியா புடிச்சுப்பாரு.

மலை எறங்கினா ஸீ க்ளிஃப் பிரிட்ஜ். மலையிலேர்ந்து பாறை உருண்டு விழுந்துட்டே இருந்ததால ரோட்டை மூடிட்டு, மலையை விட்டுத் தள்ளி கடல் மேலயே 665 மீட்டருக்கு பாலம் கட்டி 2005ல திறந்தாங்க. பாலத்து மேல வண்டி நிறுத்த முடியாது, முன்னாடியோ பின்னாடியோ நிறுத்திட்டு கடல் பக்கம் இருக்கற நடைபாதைல நடக்கணும். முழுசா நடக்க வைக்க வேணாம், பாதி தூரம் போய் ஃபோட்டோ எடுத்துட்டுத் திரும்பலாம், காத்து பலமா அடிக்கும், காது மூடற குல்லா கண்டிப்பா வேணும். முட்டி ஒத்துழைக்காதவங்களை கார்லயே மெதுவா ஒரு தடவை கூட்டிட்டுப் போனாலே போதும். கோயில், பால்ட் ஹில், பாலம், இதோட அன்னிக்கு முடிச்சுக்கங்க, கூடவே இன்னும் தெற்க இருக்கற கயாமாங்கற கடலோர ஊரையும் சேக்கறவங்க நிறைய பேர், திரும்பி வரும்போது பின் சீட்ல எல்லாரும் தூங்கிட்டு இருப்பாங்க.

கயாமாவுக்கு தனியா ஒரு நாள் குடுங்க. அங்க ப்ளோஹோல்னு கடலோரப் பாறைல ஒரு ஓட்டை இருக்கு, அது எப்பவும் பொங்காது, தென்கிழக்குலேர்ந்து அலை வந்தாதான் அது வழியா தண்ணி உசரமா பீச்சும், அதனால முந்தின நாள் வெதர் ஆப்ல ஸ்வெல் (கடல் அலை) எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வடகிழக்குன்னா பக்கத்துலயே இருக்கற லிட்டில் ப்ளோஹோலுக்குப் போங்க, அன்னிக்கு அதுதான் ஆடும். பெரிய ப்ளோஹோல் பார்க்கிங் பக்கத்துலயே டாய்லெட், கஃபே எல்லாம் உண்டு, 1887ல கட்டின லைட்ஹவுஸ் அங்கயே நிக்குது. சாப்பாட்டுக்கு கீழ ஹார்பர் பக்கம் ப்ளாக் பீச் வந்துடுங்க, புல்தரை, பசங்களுக்கு விளையாட இடம், தண்ணியும் அடக்கமா இருக்கும், கால் நனைக்கணும்னு அம்மா கேட்டா அங்க நனைக்கலாம்.

சாப்பாடுன்னா புளியோதரை, தயிர் சாதம், மாவடு, உருளைக்கிழங்கு ரோஸ்ட், இதை மிஞ்ச ஒண்ணும் இல்ல. தயிர் சாதத்தை ஐஸ் பாக்ஸ்ல வைங்க, பால் கொஞ்சம் கூட விட்டுப் பிசைஞ்சா மத்தியானம் வரைக்கும் புளிக்காது. காபி ஃப்ளாஸ்க்ல. கடைல வாங்கினா அப்பா மனசுக்குள்ள ரூபாய்க்கு மாத்தி "ஒரு காபி முன்னூறு ரூவாயாப்பா"ன்னு கேட்டு குடிக்காமலே வச்சுடுவாரு. பீச் பார்க்குங்கள்ல கவுன்சில் வச்ச எலக்ட்ரிக் பார்பெக்யூ நிறைய இருக்கு, பட்டனை அமுக்கினா ஃப்ரீயா சூடாகும். சைவக்காரங்க அதுல யார் யாரோ கறி சுட்டிருப்பாங்கன்னு தயங்குவாங்க, அதனால அலுமினியம் ஃபாயிலை ரெண்டு மூணு மடிப்பா விரிச்சுக்கங்க. சோளக்கதிர் வாங்கிட்டுப் போய் அதுல உருட்டி உருட்டி சுட்டு, எலுமிச்சம்பழத்தை பாதியா வெட்டி உப்பு மிளகாத்தூள்ல தொட்டு மேல தேச்சுக் குடுங்க, மெரினா பேச்சு தானா வரும். சிப்ஸை மட்டும் கைல வச்சுட்டு உக்காராதீங்க, சீகல் தட்டிட்டுப் போயிடும்.

வொலாங்காங் பக்கம் பெர்க்லில இருக்கற நான் டியன் புத்தர் கோயிலும் நல்ல இடம், 1995ல திறந்தது. திங்கக்கிழமை மூடியிருக்கும். அங்க சாப்பாடு சைவம்தான், சீன பௌத்த முறைல வெங்காயம் பூண்டும் சேக்க மாட்டாங்க, விரத நாள்ல வெளிய சாப்பிட யோசிக்கறவங்களுக்கு இது பெரிய நிம்மதி. படி கொஞ்சம் இருக்கு, நேரம் எடுத்து ஏறுங்க.

குளிர் மாசத்துல வந்தவங்களுக்கு கர்னல்ங்கற (Kurnell) ஊர்ல இருக்கற கேப் சொலாண்டர் கடல் முனை. ஜூன் ஜூலைல ஹம்ப்பேக் திமிங்கலங்க வடக்க போகும்போது கரைலேர்ந்தே பாக்கலாம், பைனாகுலரும் மடக்கு நாற்காலியும் பொறுமையும் வேணும். போட்ல வெளிக்கடலுக்குக் கூட்டிட்டுப் போறதை நான் பெரியவங்களுக்கு சொல்லமாட்டேன், பலருக்கு குமட்டல்லயே போயிடும்.

கடல் விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. லைஃப்கார்டுங்க நட்டு வச்ச சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டுக்கும் நடுவுல மட்டும்தான் எறங்கணும், கொடி இல்லாத பீச்ல பசங்க இடுப்பளவு தண்ணிக்குக் கூட போகக்கூடாது. அலை இல்லாம அமைதியா தெரியற இடம்தான் பல நேரம் ரிப், உள்ள இழுத்துட்டுப் போற தண்ணி. மாட்டினா எதிர்த்து நீந்தாம மிதந்துட்டு கையத் தூக்கணும். ஈரப் பாறை மேல நின்னு ஃபோட்டோ வேண்டவே வேணாம். கோடைல வடகிழக்குக் காத்துக்கு ப்ளூபாட்டில் ஒதுங்கும், நீல பலூன் மாதிரி அழகா இருக்கும், செத்துக் கிடந்தாலும் கொட்டும். கொட்டினா கடல் தண்ணில கழுவி, அப்புறம் தாங்கற அளவு சூடான தண்ணி, 45 டிகிரி வரைக்கும், ஒரு 20 நிமிஷம். வினிகர் ஊத்தக்கூடாது. நம்ம தோலுக்கு சன்ஸ்க்ரீன் எதுக்குன்னு கேப்பாங்க, கடல் காத்துல வெயில் தெரியாது, ராத்திரிதான் எரியும், தொப்பியும் முழுக்கை சட்டையுமாவது போட்டு விடுங்க.

வார நாள்ல நீங்க வேலைக்குப் போயிட்டா அவங்க நாலு சுவத்துக்குள்ள மாட்டிக்கறாங்க, அதுதான் பெரிய கஷ்டம். அதனால ஆளுக்கு ஒரு ஓப்பல் கார்டு, அதாவது பஸ், ட்ரெய்ன், ஃபெர்ரி எல்லாத்துக்கும் தட்டற கார்டு, வாங்கிக் குடுங்க, பெரியவங்களுக்கான சலுகை கோல்ட் சீனியர் கார்டு விசிட்டர்ஸுக்குக் கிடையாது, அடல்ட்தான், ஆனா ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல எடுக்காது, வெள்ளி சனி ஞாயிறு அந்த லிமிட் இன்னும் கம்மி. ஒரு தடவை நீங்க கூட போய் காட்டுனா போதும், அப்புறம் மேன்லி ஃபெர்ரில அவங்களே போயிட்டு வந்துடுவாங்க. சென்ட்ரல்லேர்ந்து கயாமா ட்ரெய்ன் ரெண்டு ரெண்டரை மணி நேரம், போகும்போது இடது பக்க ஜன்னல், வாட்டர்ஃபால் தாண்டினா காடு, அப்புறம் கடல், ட்ரெய்ன்லயே டாய்லெட்டும் உண்டு. பர்ஸ்ல உங்க நம்பரும், அவசரத்துக்கு 000வும், தமிழ்ல மொழிபெயர்க்க ஆள் வேணும்னா 131 450ம் ஒரு சீட்டுல எழுதி வச்சு விடுங்க.

கார்ல போற ஞாயித்துக்கிழமைன்னா தெற்குலேர்ந்து ரெண்டு மணிக்கே திரும்பிடுங்க, இல்ல இருட்டற வரைக்கும் அங்கயே இருந்து மிச்ச புளியோதரையை முடிச்சுட்டு கிளம்புங்க, நடுவுல நாலு மணிக்குக் கிளம்பினா ட்ராஃபிக்ல மாட்டி பெரியவங்க டாய்லெட்டுக்குத் தவிச்சுப் போவாங்க.