தங்கத்தைத் தனியாரிடம் விற்கும்போது நம்மை நாமே காட்டிக்கொடுக்கும் இடங்கள்

கடந்த வாரம், கட்டியும் நாணயமும் வாங்கி விற்பதற்குப் புதியவரான ஒருவர், தாம் விற்க நினைக்கும் 100 கிராம் தங்கக் கட்டியின் படத்தை எனக்கு அனுப்பி, படம் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டார். மிகவும் தெளிவாகத்தான் இருந்தது. கட்டியின் வரிசை எண்ணைக் கடைசி இலக்கம்வரை படிக்க முடிந்தது. கட்டியை அடைத்துத் தரும் முத்திரையிட்ட அட்டையின் பளபளப்பில் அவருடைய ஜன்னலும், எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. நான் தொடக்கத்தில் எடுத்த படங்களும் இப்படித்தான் இருந்தன. பூட்டு, கடவுச்சொல் போன்ற எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிட்டு, அனுபவமுள்ளவர்கள்கூடச் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வரிசை எண்ணோடு படம் அனுப்புவது

முன்பு ஒருமுறை, முகம் தெரியாத ஒருவர் கேட்டார் என்பதற்காக, என்னிடமிருந்த கட்டியை நான்கு கோணங்களில் படமெடுத்து அனுப்பினேன். அவர் வாங்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து உண்மையாகவே வாங்க வந்தவர், கட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் தம் கைபேசியை என் பக்கம் திருப்பினார். அதில் என் படம், என் மேசை விரிப்பு, என் கட்டியின் எண், ஆனால் வேறொருவரின் விளம்பரம். அந்த விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டியவர்கள் ஏமாந்து போயிருந்தார்கள். அசல் என்னிடம்தான் இருக்கிறது என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை. அவரும், அவருக்குப் பின் வந்த இருவரும் எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் அட்டையை வெட்டி, கட்டியை உருக்குபவரிடம், வெறும் உருக்கும் தங்கத்துக்கான விலைக்குக் கொடுத்தேன். கடைசி மூன்று இலக்கங்களின்மேல் ஒரு விரல் அகலத் தாளை வைத்திருந்தால் போதுமாயிருந்தது என்ற எரிச்சல் இன்றும் தீரவில்லை.

எண் மட்டுமல்ல. இருப்பிடப் பதிவு இயங்கும் கைபேசியில் எடுத்த படத்தின் கோப்புக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்துவிடுகின்றன. பெரும்பாலான செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கும்போது அவற்றை நீக்கிவிடும். அதே படத்தை ஆவணமாக இணைத்தால் அவை அப்படியே போய்ச் சேரும். "தெளிவு குறைகிறது, ஆவணமாக அனுப்புங்கள்" என்ற வேண்டுகோள் நியாயமாக ஒலிப்பதால்தான் அதில் ஏமாறுகிறோம். இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு எதிரில் இல்லாமல், வெற்றுத் துணியின்மேல் வைத்து, பக்கத்தில் அன்றைய தேதியும் வாங்குபவர் சொன்ன ஒரு சொல்லும் எழுதிய தாளோடு படமெடுங்கள். அந்தப் படத்தை வேறொருவர் தம்முடையதென்று காட்டுவது கடினம். மெருகேற்றிய நாணயம் எதிரில் இருப்பதைக் காட்டும் வட்டமான ஒரு கண்ணாடி என்பதையும் நினைவில் வையுங்கள். முழு எண்ணை நேரில் காட்டினால் போதும்.

வீட்டுக்கு வரச் சொல்வது

வேண்டாம். அவர் வீட்டுக்கு நீங்கள் போவதும் வேண்டாம்.

அன்றாடக் கைபேசி எண்ணைக் கொடுப்பது

செய்திச் செயலியில் நீங்கள் வைத்திருக்கும் குழந்தைகளின் முகப்புப் படமும் சேர்ந்தே போகும்.

ரசீதைக் கிழிப்பது

யார் கண்ணிலும் படக்கூடாது என்று ரசீதையே வேண்டாம் என்பவர்களைப் பார்க்கிறேன். இது தனியுரிமை அன்று. பொருள் களவு போனால் உங்களுடையது என்று காட்ட அந்தத் தாள் வேண்டும். நீங்கள் வாங்கியது களவுப் பொருளாக இருந்துவிட்டால், யாரிடம், எப்போது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று சொல்லவும் அதுவே வேண்டும். பெரிய தொகைகளுக்கு அடையாளச் சான்று கேட்கும் சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. அதைத் தவிர்ப்பதற்காக ஒரே விற்பனையைச் சிறு துண்டுகளாக்குவது சில நாடுகளில் தனிக் குற்றம். நாம் மறைந்துகொள்ள வேண்டியது திருடர்களிடமிருந்தும் மோசடிக்காரர்களிடமிருந்தும் மட்டுமே. ரசீதை எழுதி வாங்கி, பொருள் இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

நாலு பேருக்குத் தெரியாமல் சோதிப்பது

கடையில் சோதித்தால் விஷயம் வெளியே போய்விடும் என்று அஞ்சி, வீட்டிலேயே தராசும் தண்ணீர்க் கோப்பையுமாக உட்காருபவர்கள் உண்டு. தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், டங்ஸ்டன் என்ற மலிவான உலோகத்துடையது 19.25; உள்ளே டங்ஸ்டன் வைத்த கட்டியை வீட்டுத் தராசு காட்டிக்கொடுக்காது. தங்கத்தின் தூய்மையைப் பார்க்கும் எக்ஸ்ரே கருவியும் மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால், ஒலியலையை உள்ளே செலுத்திப் பார்க்கும் மீயொலிச் சோதனையும் செய்துதரும் கடையைத் தேடி, சந்திப்பையே அங்கு வைத்துக்கொள்வது நல்லது. நாலு பேர் நடமாடும் இடம், கேமரா இருக்கும் இடம், உங்கள் முகவரி தேவைப்படாத இடம், வேறென்ன வேண்டும்?

இருப்பைச் சொல்வது

ஒரு கிலோ தங்கத்தின் கன அளவு ஏறத்தாழ 52 கன சென்டிமீட்டர்தான். சட்டைப் பையில் அடங்கிவிடும். ஆகவே உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பது, தூக்கிக்கொண்டு ஓட நினைப்பவருக்கு மிகவும் பயன்படும் செய்தி. அதைக் கேட்கும் கேள்வி எப்போதும் அன்பாகவே வரும். அண்மையில் ஒருவர் எடை பார்த்து முடிந்தபின், "இதுபோல் இன்னும் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?" என்று சிரித்தபடி கேட்டார். மேசையில் இருப்பதை மட்டும் பேசுவோம் என்றேன். எங்கே வைத்திருக்கிறீர்கள், வீட்டிலா, வங்கியிலா என்று அடுத்த கேள்வி வந்தது. விலை படிந்திருந்த நாணயத்தை உறையில் போட்டுக்கொண்டு, அவர் முதலில் கிளம்பும்வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.